அறுந்த காதும் ஆறிய விளிம்பும்

காது மடலின் பெரும்பகுதி வளைந்து மீளும் குருத்தெலும்பால் ஆனது. அதன் கீழ்நுனியில் தொங்கும் சோணையில் மட்டும் குருத்தெலும்பு கிடையாது. முன்னும் பின்னும் இரண்டு தோல் அடுக்குகள், அவற்றுக்கு இடையே கொழுப்பும் நார்த்திசுவும், நெற்றிப்பொட்டை ஒட்டி ஓடும் தமனியிலிருந்தும் காதின் பின்புறத் தமனியிலிருந்தும் வரும் நுண்ணிய ரத்தக் குழாய்கள், கழுத்திலிருந்து மேலேறி வரும் நரம்பு ஒன்றின் இழைகள் ஆகியவையே சோணையின் மொத்தக் கட்டுமானம். குத்துவதற்கு எளிதாகவும், ரத்த ஓட்டம் மிகுதியாக உள்ளதால் விரைவில் ஆறக்கூடியதாகவும் இருப்பதாலேயே பல சமூகங்கள் இந்தச் சிறு சதையைத் தேர்ந்து அணி பூட்டின. தாங்குவதற்குக் குருத்தெலும்பு இல்லாத அதே மென்மைதான் சோணை நீள்வதற்கும் அறுவதற்கும் காரணமாகிறது.

அறுதல் இரு வகையில் நிகழ்கிறது. கைக்குழந்தை தோட்டைப் பிடித்து இழுப்பது, தலைக்கவசத்தைக் கழற்றும்போது ஜிமிக்கி சிக்கிக்கொள்வது, வழிப்பறியில் கம்மலைப் பறிப்பது போன்றவற்றால் நொடியில் கிழிவது ஒரு வகை. மற்றொன்று பல ஆண்டுகளாகச் சத்தமின்றி நடப்பது. கனமான தோட்டின் தண்டு துளையின் அடிப்பகுதியை இடைவிடாமல் அழுத்தும்போது அங்குள்ள நுண்குழாய்களில் ரத்த ஓட்டம் குறைந்து, கொழுப்பும் நார்த்திசுவும் மெலிந்து, வட்டமான துளை கீழ்நோக்கி நீண்ட பிளவாக மாறுகிறது. கடைசியில் விளிம்பில் எஞ்சியிருக்கும் மெல்லிய தோல் பாலம் ஒரு நாள் அற்றுவிழுகிறது. துளை தொடக்கத்திலேயே விளிம்புக்கு அருகில் குத்தப்பட்டிருந்தாலும், நிக்கல் கலந்த மலிவான அணிகளால் ஒவ்வாமைப் புண் அடிக்கடி வந்திருந்தாலும் இது விரைவாகவே நேர்கிறது. ஜிமிக்கியின் எடையில் ஒரு பங்கைக் காதுக்கு மேலுள்ள கூந்தலுக்கு மாற்றிவிடும் மாட்டல், அழகுக்கான அணி மட்டுமன்று, சோணையைக் காக்கும் நுட்பமான ஏற்பாடும் ஆகும்.

உடலின் வேறு இடங்களில் வெட்டுக்காயம் தானாக மூடிக்கொள்ளும்போது, அறுந்த காது மட்டும் ஏன் கூடுவதில்லை என்பதே இங்கு மையமான கேள்வி. காயம் பட்டவுடன் அதன் ஓரங்களில் உள்ள மேல்தோல் செல்கள் பெருகி, திறந்த பரப்பின் மேல் ஊர்ந்து முன்னேறுகின்றன. எதிரிலிருந்து வரும் தம்மையொத்த செல்களைத் தொட்டதும் நின்றுவிடுகின்றன. கையில் ஏற்பட்ட கீறலில் ஒரு கரையின் செல்கள் மறுகரையின் செல்களைச் சந்திப்பதால் இடைவெளி அடைபடுகிறது. கிழிந்த சோணையிலோ இரு பாதிகளும் விலகித் தொங்குவதால், ஒவ்வொரு பாதியிலும் முன்பக்கத் தோல் விளிம்பைச் சுற்றி வந்து அதே பாதியின் பின்பக்கத் தோலையே சந்திக்கிறது. உடலைப் பொறுத்தவரை அந்தப் புண் முழுமையாக ஆறிவிட்டது. ஆனால் காது இரண்டாகவே நின்றுவிடுகிறது. மெல்ல நீண்ட பிளவில் நிலைமை இன்னும் தெளிவு: காது குத்திய சில மாதங்களிலேயே துளையின் உட்சுவர் முழுவதும் தோலால் மூடப்பட்டுவிடுவதால், அது எவ்வளவு நீண்டாலும் உடலின் கணக்கில் அங்கே ஆற வேண்டிய புண் எதுவும் இல்லை.

ஆகவே அறுந்த காதைச் சேர்க்க விரும்பும் மருத்துவர் முதலில் செய்ய வேண்டியது, நன்றாக ஆறிப்போன விளிம்பை மறுபடியும் புண்ணாக்குவதே. தோல் மூடிய இரு பரப்புகளை ஆண்டுக்கணக்கில் ஒட்டிவைத்தாலும் அவை ஒன்றாகா. தோலைச் சீவி, கீழுள்ள திசுவைத் திறந்து, ரத்தம் கசியும் பரப்பைப் பரப்போடு பொருத்தினால் மட்டுமே நார்த்திசுவை உருவாக்கும் செல்கள் அங்கே புகுந்து, கொலாஜன் என்னும் புரத இழைகளால் இரு பக்கத்தையும் பிணைக்கும்.

நுண்நோக்கி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த உண்மை இரண்டு மருத்துவ மரபுகளில் அறியப்பட்டிருந்தது என்பது வியப்புக்குரியது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய நூலாசிரியர் செல்சஸ், காதுத் துளை வேண்டாம் என்று கருதும் ஆணுக்குச் செய்ய வேண்டியதைத் தமது மருத்துவ நூலின் ஏழாம் பகுதியில் விவரிக்கிறார். சிறு துளையென்றால் பழுக்கக் காய்ச்சிய ஊசியை விரைவாக நுழைத்தெடுத்தோ அரிக்கும் மருந்திட்டோ அதன் ஓரங்களை இலேசாகப் புண்ணாக்க வேண்டும். கனமான அணிகளால் துளை பெருத்திருந்தால் எஞ்சிய பாலத்தைக் கீழ்வரை அறுத்து, ஓரங்களைக் கத்தியால் சீவி, பிறகு தைக்க வேண்டும்.

பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையின் சூத்திரத்தானத்தில் பதினாறாம் அத்தியாயம் இதைவிட விரிவானது. குழந்தைக்கு ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில், விளையாட்டுப் பொருள்களைக் காட்டி அதன் கவனத்தைத் திருப்பியபடி, சூரிய ஒளி ஊடுருவித் தெரியும் இடம் பார்த்துச் சோணையைக் குத்த வேண்டும் என்று அந்நூல் கூறுகிறது. ஒளி ஊடுருவும் இடம் என்பது பெரிய ரத்தக் குழாய்கள் குறுக்கிடாத இடம் என்பதை நினைத்தால், அக்குறிப்பின் பின்னுள்ள கூர்ந்த கவனிப்பு விளங்கும். குத்திய துளையில் மூன்று நாள்களுக்கு ஒருமுறை தடிமன் கூடிய திரிகளை இட்டுப் பெரிதாக்கும் முறையைச் சொன்ன கையோடு, இவ்வாறு வளர்க்கப்பட்ட காது நோயாலோ அடியாலோ இரண்டாக அறுபடக்கூடும் என்றும் நூல் ஒப்புக்கொண்டு, அறுந்த காதைக் கூட்டுவதற்குப் பதினைந்து வடிவங்களைப் பெயர் சொல்லி வகைப்படுத்துகிறது; அவற்றுள் கடைசி ஐந்தும் பலன் தராதவை எனத் தள்ளப்படுகின்றன. இரு பாதிகளும் சம அளவில் உள்ளனவா, முன்பாதி நீண்டதா, பின்பாதி நீண்டதா, சோணையே இல்லையா என்பதைப் பொறுத்து முறை மாறுகிறது. சோணை அறவே இல்லாதபோது, ஒரு முனை உடலோடு ஒட்டியிருக்குமாறு கன்னத்திலிருந்து உயிருள்ள சதையை அறுத்தெடுத்துக் காதில் பொருத்தச் சொல்கிறது நூல். ஒட்டியிருக்கும் அந்த முனை வழியாக ரத்தம் தொடர்ந்து பாய்வதாலேயே சதை அழுகாமல் பிழைக்கிறது. இன்றைய ஒட்டறுவை மருத்துவத்தின் அடித்தளங்களுள் ஒன்றான தோல்மடிப்பு முறையும் இதே கொள்கையில்தான் நிற்கிறது. சுசுருதர் என்றதும் மூக்கைச் சீரமைக்கும் முறை மட்டுமே பேசப்படுகிறது. அதே அத்தியாயத்தின் பெரும்பகுதி காதுக்கே ஒதுக்கப்பட்டிருப்பது போதிய கவனம் பெறவில்லை.

இன்றைய அறுவை பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, வெளிநோயாளியாகவே வந்து செய்துகொள்ளக்கூடிய சிறிய சிகிச்சை. நோயாளியை உட்காரவைத்து, மறு காதோடு ஒப்பிட்டு, வெட்ட வேண்டிய கோடுகளை முதலில் மையால் வரைந்துகொள்கின்றனர். மருந்து செலுத்தியபின் சோணை உப்பி வடிவம் மாறிவிடும் என்பதால் இந்த வரிசை முக்கியம். லிடோகெய்ன் என்னும் மரப்பு மருந்தோடு, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினும் சிறிதளவு சேர்த்துச் செலுத்தப்படுகிறது. பிறகு பிளவின் இரு ஓரங்களிலும் உள்ள தோல், மிக மெல்லிய பட்டையாகச் சீவி எடுக்கப்படுகிறது. முதல் தையல் சோணையின் கீழ்விளிம்பில் விழுகிறது. அங்கே இரு பக்கமும் மயிரிழை பிசகினாலும் காலத்துக்கும் படிபோலத் தெரியும். முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாகத் தைக்கப்படும் நூல், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த தடிமன் கொண்ட நைலான் இழை. ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது பிரிக்கப்படுகிறது.

நேர்கோட்டில் தைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தழும்பு முதிரும்போது தன் நீளவாக்கில் சுருங்கும் இயல்புடையது என்பதால், மேலிருந்து கீழாகச் செல்லும் நேரான தழும்பு சோணையின் விளிம்பை மேல்நோக்கி இழுத்து அங்கே ஒரு வெட்டுப்பள்ளத்தை உண்டாக்கிவிடும். இதைத் தவிர்க்க, விளிம்பருகே தோலை இரு சிறு முக்கோணங்களாக வெட்டி ஒன்றின் இடத்துக்கு மற்றொன்றை மாற்றித் தைக்கும் இசட் வடிவ முறை பயன்படுகிறது. முக்கோணங்களின் கோணம் 60 பாகையாக இருந்தால் தழும்புக் கோட்டின் நீளம், கணக்குப்படி, 75 விழுக்காடு கூடுகிறது. இழுவிசையும் ஒரே திசையில் குவியாமல் சிதறுகிறது. அணிக்கான துளையை அழிக்காமலேயே பிளவை மூடும் முறைகளும் உள்ளன. பார்டியூ என்பவர் 1973-இல் வெளியிட்ட முறையில், பிளவின் ஓரத்திலிருந்து எடுக்கும் சிறு தோல்மடிப்பைச் சுருட்டிப் புதிய துளையின் உட்சுவராக அமைக்கிறார்கள்.

வளர்த்த காதின் கதை வேறு. திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை வட்டாரங்களில் குழந்தைப் பருவத்திலேயே துளையிட்டு, பஞ்சும் ஓலைச்சுருளும் செருகி, பிறகு குணுக்கு எனப்படும் உலோக வளையத்தைத் தொங்கவிட்டுக் காதை வளர்த்து, தண்டட்டியும் பாம்படமும் அணிந்த பெண்களின் சோணை, தோளை நோக்கித் தொங்கும் ஒரு வளையமாகவே மாறியிருக்கும். இருபதாம் நூற்றாண்டில் அந்த வழக்கம் மங்கியபோது, பலர் வளர்ந்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டு கம்மலுக்கு மாறினர். இங்கே மருத்துவரின் முன் இருப்பது சதைக் குறைவன்று, சதை மிகுதி. வளையத்தை அறுத்து, புதிய சோணைக்குத் தேவையான அளவை மட்டும் நிறுத்தி, எஞ்சியதை நீக்கி, முனைகளைச் சீவி இணைக்க வேண்டும். பல ஆண்டு இழுவையால் கொழுப்பு கரைந்து கயிறாக மெலிந்த திசு என்பதால், நீக்கவிருக்கும் பகுதியின் மேல்தோலை மட்டும் உரித்துவிட்டு, மீந்த சதையை உள்ளே மடித்துவைத்துச் சோணைக்குப் பருமன் கூட்டுவதும் உண்டு. அழகுச் சிகிச்சை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இதை அடக்கிவிடுவது நியாயமாகாது; ஒரு தலைமுறைப் பெண்கள் மாறிய காலத்துக்குள் தயக்கமின்றி நடமாட உதவிய மருத்துவம் இது.

"தையல் இல்லாமல் காது ஒட்டப்படும்" என்ற விளம்பரங்களை இன்று பல ஊர்களில் காணலாம். ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைத் துளையின் உட்சுவரில் தடவி, தோலை அரித்துப் புண்ணாக்கி, ஒட்டுநாடாவால் இறுக்கி வைப்பதை முழுதும் அறாத பிளவுகளுக்கான முறையாக மருத்துவர்களும் ஆராய்ந்துள்ளனர். செல்சஸ் சொன்ன அரிக்கும் மருந்தின் கொள்கையே இதிலும் உள்ளது. ஆனால் எவ்வளவு செறிவுள்ள அமிலம், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதை அறியாத கைகளில் அது சோணையையே பொசுக்கி, முன்பைவிடப் பெரிய குறையை விட்டுச்செல்லும். என்னவென்றே சொல்லப்படாத திரவத்தைக் காதில் ஏற்றுக்கொள்ள எவரும் சம்மதிக்கக் கூடாது.

எந்த முறையானாலும் கீலாய்டு என்னும் வளர்தழும்பின் ஆபத்து உண்டு. காயத்தின் எல்லையைத் தாண்டியும் கொலாஜன் பெருகி உருண்டையாகத் திரளும் இந்தக் கோளாறு சோணையில் அடிக்கடி தோன்றுவது. கருநிறத் தோலினரிடம் மிகுதி. குடும்பத்தில் எவருக்கேனும் அப்படி வந்திருந்தால் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மீண்டும் காது குத்திக்கொள்வதில்தான் பலரும் அவசரப்படுகின்றனர். தையல் பிரிக்கும் ஒரு வாரத்தில் தழும்பின் உறுதி, இயல்பான தோலின் உறுதியில் நூற்றில் சில பங்கே; மூன்று மாதமானால்தான் அது ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டுகிறது, முழு உறுதி எப்போதும் திரும்புவதில்லை. முடி முளைத்து, மூட்டுவாய் நன்கு பொருந்தி, சமமாகவும் உறுதியாகவும் வலியின்றியும் ஆன காதையே, அதுவும் மெதுவாக, மீண்டும் வளர்க்க வேண்டும் என்று சுசுருத சம்ஹிதையும் நிபந்தனை விதிக்கிறது. குறைந்தது மூன்று மாதம் பொறுத்து, தழும்புக் கோட்டின் மீதில்லாமல் அதற்குப் பக்கவாட்டில் நல்ல தோலில் துளையிட்டு, முதல் சில மாதங்களுக்கு எடை குறைந்த சிறு தோட்டை மட்டும் அணிய மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.