துரையப்பா விளையாட்டரங்கம்

துரையப்பா விளையாட்டரங்கம் என்பது இலங்கையின் வட மாகாணத்தில், யாழ்ப்பாண நகரில் அமைந்துள்ள ஒரு பல்பயன் விளையாட்டரங்கம் ஆகும். இங்கு பெரும்பாலும் காற்பந்தாட்டப் போட்டிகள் நடைபெறுகின்றன. இவ்விளையாட்டை இலங்கைத் தமிழர் உதைபந்தாட்டம் என்று அழைப்பர். ஏறத்தாழ 1,850 பார்வையாளர்களைக் கொள்ளக்கூடிய இவ்வரங்கம் அளவில் சிறியது. ஈழப்போரின் விளைவாக நெடுங்காலம் பயன்பாடின்றிக் கிடந்த இவ்வரங்கம், 2016ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது.

அமைவிடம்

நகரின் மையப் பகுதியில், யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் யாழ்ப்பாணக் கோட்டைக்கும் அண்மையில் இவ்வரங்கம் அமைந்துள்ளது. "வடக்கின் பெருஞ்சமர்" எனப்படும் புகழ்பெற்ற துடுப்பாட்டப் போட்டி நடைபெறும் இடம் இதுவன்று. அது அருகிலுள்ள யாழ்ப்பாணம் மத்திய கல்லூரித் திடலில் நடைபெறுகின்றது.

பெயர்

யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்த அல்பிரட் துரையப்பாவின் பெயரை இவ்வரங்கம் தாங்கியுள்ளது. இவர் 1960 முதல் 1965 வரை யாழ்ப்பாணத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். பின்னர் இலங்கை சுதந்திரக் கட்சியைச் சார்ந்து இயங்கினார். 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிரிழப்புகள் நேர்ந்தன. அதனையடுத்து இவர் மீது கடும் கண்டனங்கள் எழுந்தன. 1975 ஜூலை 27 அன்று பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலில் இவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஈழப்போராட்ட வரலாற்றின் தொடக்ககால அரசியல் கொலைகளுள் இது முதன்மையாகக் குறிப்பிடப்படுகின்றது.

போர்க்காலம்

1995 அக்டோபர் இறுதியில் வலிகாமம் பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் நகரம் இலங்கைப் படையினர் வசமானது. 1997 முதல் போதிய வசதிகள் இன்மையால் அரங்கம் பயன்படுத்தப்படவில்லை.

1999 ஏப்ரலில் இங்கு சீரமைப்பு வேலைகள் நடந்தபோது, தொழிலாளர்கள் நிலத்தினடியில் மனித எலும்புக்கூடுகளைக் கண்டனர். சிறுவர்கள் உட்பட ஏறத்தாழ 25 பேரின் எச்சங்கள் இங்கிருந்து மீட்கப்பட்டன. இதனால் இலங்கையின் மனிதப் புதைகுழிகள் பற்றிய பட்டியல்களிலும் இவ்வரங்கத்தின் பெயர் இடம்பெறுகின்றது.

மீளமைப்பு

போர் 2009ஆம் ஆண்டில் முடிவுற்றபின், இந்திய அரசின் ஏறத்தாழ 7 கோடி இந்திய ரூபாய் நிதியுதவியுடன் அரங்கம் புனரமைக்கப்பட்டது. 2016 ஜூன் 18 அன்று அன்றைய இலங்கைக் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன யாழ்ப்பாணத்தில் நேரில் கலந்துகொள்ள, இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி புது தில்லியிலிருந்து காணொளி வழியாக இணைந்து இதனைத் திறந்து வைத்தார். பன்னாட்டு யோகா நாளையொட்டி, ஏறத்தாழ 8,000 மாணவர்கள் பங்கேற்ற யோகா நிகழ்வும் அன்று நடைபெற்றது.

பயன்பாடு

யாழ்ப்பாணத்தில் காற்பந்தாட்டம் கரையோர ஊர்களில் ஆழ வேரூன்றியுள்ளது. குருநகர் பாடும்மீன், பாசையூர் சென் அன்ரனீஸ், நாவாந்துறை சென் மேரிஸ் ஆகியன அறியப்பட்ட கழகங்களுள் சில. கத்தோலிக்க மீனவர்கள் மிகுதியாக வாழும் ஊர்கள் என்பதால், கழகங்கள் பல புனிதர்களின் பெயரைக் கொண்டுள்ளன. ஓர் ஊர்க் கழகம் மற்றோர் ஊர்த் திடலில் ஆடும்போது பார்வையாளரின் ஆதரவு ஒருபக்கமே சாயும். எல்லாக் கழகங்களுக்கும் பொதுவான நகர அரங்கம் ஒன்று இக்குறையைப் போக்குகின்றது. இவ்வரங்கம் மூடப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணக் கழகங்கள் இழந்தது இப்பொதுத் திடலையே.