ஒரு நடைபாதை, ஐந்து சிறுவர்

1937ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் 9ஆம் நாள். இலண்டன் மாநகரின் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தினுள் ஈட்டன், ஹாரோ என்னும் புகழ்மிக்க பள்ளிகள் இரண்டும் ஆண்டுதோறும் மோதும் ஆட்டம் நடைபெற்றது. வெளியே நடைபாதையில் நின்ற ஐந்து சிறுவரைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஜிம்மி சைம் படமெடுத்தார்.

ஐவருள் இருவர் ஹாரோ மாணவர்; தலையில் உயர்ந்த தொப்பி, கையில் பிரம்பு. அருகே அவ்வட்டாரத்து எளிய குடும்பச் சிறுவர் மூவர், அவர்களைக் குறும்புடன் பார்த்து நிற்கின்றனர். இடைவெளி சில அடிகளே. எனினும் எத்துணைத் தொலைவு!

மறுநாள் ‘நியூஸ் கிரானிக்கிள்’ நாளிதழ் அப்படத்தை வெளியிட்டது. அதுமுதல், பிரிட்டனின் வர்க்க வேற்றுமையைச் சுட்ட விரும்பியோர் மீண்டும் மீண்டும் எடுத்தாண்ட படம் இதுவே. ஆனால் அச்சிறுவர் யார், என்னவாயினர் என்பது பல்லாண்டுகள் கழித்தே வெளிவந்தது.

மாணவர் இருவரும் தம்மை அழைத்துச் செல்லும் காருக்காகக் காத்திருந்தனர். மற்ற மூவரோ, காலையில் பல் மருத்துவரிடம் சென்றவர்கள், பள்ளிக்குத் திரும்பாமல், சிறு வேலை செய்து சில்லறை பெறலாமென மைதானத்துக்கு வந்தவர்கள். வேற்றுமை மெய்யே, அதைப் படம் மிகைப்படுத்தவில்லை.

ஆயினும் பின்னர் நடந்ததைக் கேளுங்கள். தொப்பியணிந்த இருவருள் ஒருவன் மறு ஆண்டே, இராணுவத்தில் பணியாற்றிய தந்தையைக் காண நம் நாட்டுக்கு வந்தான். செகந்திராபாத்தை அடுத்த திரிமுல்கேரியில், தொண்டை அடைப்பான் நோய் அவனைப் பதினாறாம் வயதிலேயே கொண்டுபோயிற்று. எளிய சிறுவர் மூவரோ வளர்ந்து, உழைத்து, குடும்பம் கண்டு நெடுநாள் வாழ்ந்தனர்.

ஒருவனை வெறுக்கவும் மற்றவனுக்கு இரங்கவும் அப்படம் பயன்பட்டது. வெறுக்கப்பட்டவனின் பெற்றோரோ மகனைப் புதைத்தனர். இரங்கப்பட்டவர்களோ இரக்கம் எதையும் வேண்டி நிற்கவில்லை. சமுதாயத்தின் பிளவைப் படம் காட்டும். மனிதனை முழுவதும் காட்டாது.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் காமிரா உள்ளது. அரிசியும் சேலையும் வழங்கும்போது, பெறுபவரை நிறுத்திவைத்துப் படமெடுக்கிறோம். ‘ஏழை’ என்ற ஒரே சொல்லுக்குள் அவரை அடைத்துவிடுகிறோம். அவர் பெயரைக் கேட்டோமா? படமெடுக்க அவருக்குச் சம்மதமா என்றேனும் கேட்டோமா? அடுத்த முறை கேட்போம். அவர் வேண்டாமென்றால், காமிராவைப் பைக்குள் வைத்துவிட்டு, அவரோடு சற்று அமர்ந்து பேசுவோம்.