பற்சொத்தைக் கிருமியும் மூலிகைச் சாறும்



வேம்பு, கிராம்பு, கொய்யா இலை இவற்றின் சாற்றோடு வெள்ளி நுண்துகள் சேர்த்தால் பற்சொத்தைக் கிருமி மடிகிறது என்னும் பத்திரிகைச் செய்திகளை உங்களில் சிலர் கத்தரித்து அனுப்பி, "இதை உங்கள் பல் பிரிவில் ஏன் கொடுக்கக்கூடாது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் மருத்துவர்களிடமும் ஆய்வுக்கூடத்தாரிடமும் விசாரித்து அறிந்ததை எழுதுகிறோம்.

கிருமியின் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924-ஆம் ஆண்டு கிளார்க் என்பவர் இதை விவரித்தார். நாம் தின்னும் சர்க்கரையை இது அமிலமாக்குகிறது. அதே சர்க்கரையிலிருந்து பசை செய்து பல்லோடு ஒட்டியும் கொள்கிறது. பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும்.

இலைச்சாற்றை சில்வர் நைட்ரேட் கரைசலில் கலந்தால், சாற்றிலுள்ள பொருட்கள் வெள்ளியை நுண்துகள்களாக்கும். கலவை பழுப்பு நிறமாகும். ஒரு துகளின் அளவு 1 முதல் 100 நானோமீட்டர். (ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து லட்சம் நானோமீட்டர்!) கிருமி பரப்பிய அகர் தட்டில் குழிகள் குடைந்து, ஒன்றில் சாறு, ஒன்றில் நுண்துகள், ஒன்றில் குளோர்ஹெக்சிடின், இன்னொன்றில் சாறெடுக்கப் பயன்பட்ட வெறும் ஆல்கஹால் ஊற்றுவார்கள். ஆல்கஹாலே கிருமியைக் கொல்லுமாதலால், அந்தக் கடைசிக் குழி இல்லாத சோதனையை நாங்கள் பொருட்படுத்துவதில்லை. 37 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்து, கிருமி வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள்.

வட்டம் பெரிதானால் மருந்து வலியது என்று எண்ணிவிடலாகாது. அகரில் எளிதில் பரவும் பொருள் பெரிய வட்டம் காட்டும். நுண்துகளோ பரவாமல் நின்றுவிடலாம். ஆகவே மருந்தைப் பாதி பாதியாக நீர்த்து, கிருமியை அடக்கும் மிகக் குறைந்த அளவையும் பார்க்கிறார்கள்.

வாய் அகர் தட்டல்லவே! உமிழ்நீர் மருந்தைக் கழுவிவிடும். பற்படலத்துக்குள் பதுங்கிய கிருமிக்கு, தனியே மிதக்கும் கிருமிக்கு வேண்டியதைவிடப் பன்மடங்கு மருந்து வேண்டும். ஈறின் உயிரணுக்களுக்கு வெள்ளி தீங்கு செய்யாதா என்பதும் தெரியவேண்டும். மூலிகையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. கிராம்பின் யூஜினால் பல் மருத்துவரின் அலமாரியில் நெடுங்காலமாக இருக்கிறது.

வெள்ளியும் புதிதல்ல. சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு என்ற 38 சதவீதக் கரைசலை, ஊசியும் குடையும் கருவியும் இல்லாமல் சொத்தையில் தடவலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சொத்தை கறுத்துவிடும். பிள்ளையின் முன்பல் என்றால் தாய்மார் தயங்குகிறார்கள், அதில் நியாயமுண்டு.

நுண்துகளை நாங்கள் ஆவலோடு கவனிப்பது இதனால்தான். பிரேசில் ஆய்வாளர்கள் வெள்ளி நுண்துகளையும் ஃபுளோரைடையும் சேர்த்துப் பள்ளிப் பிள்ளைகளின் பாற்பற்களில் தடவி, முடிவை 2014-இல் வெளியிட்டார்கள். 12 மாதங்களுக்குப் பிறகு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சொத்தைகள் பரவாமல் நின்றிருந்தன, பற்கள் கறுக்கவில்லை. இத்தகைய சோதனைகள் பல இடங்களில் பெருகும்வரை, எங்கள் பிரிவில் ஃபுளோரைடு பற்பசையையே கொடுத்து வருவோம்.