ஒல்லியாக இருந்தாலும் சர்க்கரை வருமா? நாலே கேள்வியில் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

மேலப்பாளையம் தெருக்களில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்தால் இலையும் தூளும் தீரும்வரை எழுந்திரிக்க நேரமிருக்காது. "நான் ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படி சுகர் வரும்?" என்று அவர்களில் ஒருவர் கேட்டால், வரலாம் என்பதுதான் பதில்.

உடலுக்குள் என்ன நடக்குது?

ரத்தத்தில் உள்ள சர்க்கரை தசைக்குள் போக உதவுவது இன்சுலின். ரொம்ப நேரம் அசையாமல் இருந்தாலோ, வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தாலோ தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு நிலை. கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிப்பதால், பல வருஷம் பரிசோதனையில் சர்க்கரை சரியாகவே காட்டும். கணையம் களைத்த பிறகுதான் அளவு ஏறும். சிலருக்குக் கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடிப்பது இதன் அடையாளம். அழுக்கு என்று தேய்க்காதீர்கள்.

உங்கள் மதிப்பெண் எவ்வளவு?

சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் ஒரு எளிய கணக்கை வெளியிட்டார்கள்.

• வயது: 35-க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50-க்கு மேல் 30.
• இடுப்புச் சுற்றளவு: பெண்களுக்கு 80 செ.மீ.க்குள், ஆண்களுக்கு 90-க்குள் என்றால் 0. அதற்கு மேல் 10 செ.மீ. வரை 10, அதையும் தாண்டினால் 20.
• உடலுழைப்பு: கடின வேலையும் உடற்பயிற்சியும் இருந்தால் 0, ஏதாவது ஒன்று இருந்தால் 20, இரண்டுமே இல்லையென்றால் 30.
• பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்றால் 10. இருவருக்கும் என்றால் 20.

60-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம். வயது 42, உட்கார்ந்த வேலை, அம்மாவுக்குச் சர்க்கரை. இடுப்பு மெலிந்திருந்தாலும் இவருக்கு 60! தினமும் நடந்தால் 50-ஆகக் குறையும். வயதையும் பரம்பரையையும் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம்ம கையில்தான் இருக்கு.

கைபேசியும் உதவும்

சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களிடம் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆய்வு நடத்தி, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். உணவு, உடற்பயிற்சி பற்றி அடிக்கடி குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கு இரண்டு வருஷத்தில் நோய் வந்தது. பெறாதவர்களில் 27 சதவீதம். நீங்களும் மணிக்கொரு தடவை அலாரம் வையுங்கள். அடித்ததும் எழுந்து நாலு எட்டு நடங்கள்.

அடுத்து என்ன செய்யணும்?

மதிப்பெண் 60 என்றால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரத்தப் பரிசோதனை செய்யணும் என்று அர்த்தம். அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் வீட்டுக்கு வந்தால் அவரிடமும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 104-ஐ அழையுங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

இன்றைக்கே ஒரு இஞ்ச் டேப்பை எடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.