சிசுவின் சிந்தையும் வீட்டின் நிலையும்

பேச்சு வராத சிசுவின் உள்ளத்தில் அறிவு எவ்வாறு அரும்புகிறது என்பதை, அது குப்புறக் கவிழ்ந்த நாளையும் தவழ்ந்த நாளையும் முதற்சொல் உதிர்த்த நாளையும் வைத்தே சேலம், நாமக்கல் சீமையின் அம்மாயிமார் தலைமுறை தலைமுறையாகக் கணித்துவந்தார்கள். அந்தக் கணிப்பை இன்றைய வைத்திய சாஸ்திரமும் ஒதுக்கிவிடவில்லை. ஆயினும், பிறக்கும்போது வளர்ந்தவர் மூளையில் ஏறத்தாழக் கால்பங்கு எடையே உடையதாய், இரண்டு வயது நிறைவதற்குள் முக்கால் பங்கை எட்டிவிடும் அந்த அவயவத்தின் உள்ளே நிகழ்வதை, வெளி அடையாளங்கள் தோன்றுமுன்பே காண இயலுமா என்ற கேள்வி விஞ்ஞானிகளை நெடுநாளாக ஈர்த்துவந்திருக்கிறது.

ஜெர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தார். மின்சாரத்தைப் போலவே ஒளியும் இதற்கு உதவும் என்பது பின்னர் விளங்கிற்று. சிவப்புக்கு அப்பாற்பட்ட, கண்ணுக்குப் புலப்படாத கிரணங்கள் சிசுவின் மெல்லிய கபாலத்தைக் கடந்து மூளையின் மேற்பரப்பை எட்டும். பிராணவாயு நிறைந்த இரத்தமும் அது குறைந்த இரத்தமும் அவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், திரும்பிவரும் ஒளியை அளந்து, எந்தப் பகுதி அப்போது உழைக்கிறதென்று அறியலாம். ஊசியில்லை, வலியில்லை, தொப்பி ஒன்றை அணிவித்துக் குழந்தையைத் தாயின் மடியிலேயே அமர்த்தினால் போதும்.

இவ்வாறு ஒளியை அளக்கும் கருவியைக் கொண்டு, ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் ஜான் ஸ்பென்சரும் அவருடைய சகாக்களும், உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலி மாவட்டத்துச் சிவ்கர் வட்டாரத்தில், நான்கு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். நிறச் சதுரங்கள் மினுக்கும் இரண்டு காட்சிகளுள் ஒன்றில் நிறம் மாறிக்கொண்டேயிருக்கும், மற்றதில் மாறாது; முன்பு கண்டதை ஞாபகத்தில் நிறுத்த வல்ல குழந்தை மாறும் பக்கத்தையே அதிகமாக நாடும். தாயின் கல்வியும் குடும்ப வருமானமும் குறைந்த வீட்டுக் குழந்தைகளிடம் இந்த ஞாபகத்துக்குரிய மூளைச் செயல் நலிந்திருந்தது என்றும், கவனத்தைக் கலைப்பவற்றை விலக்கும் சக்தியும் குறைந்திருந்தது என்றும் 2019-இல் அவர்கள் தெரிவித்தார்கள். அதே வட்டாரத்தின் 215 சிசுக்களைப் பற்றிய 2023-ஆம் ஆண்டு ஆய்வோ, வறட்டி முதலியவற்றை எரிக்கும் வீடுகளில் காற்று கெட்டிருப்பதையும், காற்று கெட்ட வீட்டுக் குழந்தைகள் இத்தகைய பரிசோதனையில் பின்தங்குவதையும் காட்டிற்று.

இவற்றை ஒரு குழந்தையின் தலையெழுத்தாகக் கொள்வது பெரும் தவறாகும். ஏனெனில் இவை பல குழந்தைகளின் சராசரியைச் சொல்வனவேயன்றி, ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்வன அல்ல. அமெரிக்காவில் ஏழைத் தாய்மாருக்கு மாதந்தோறும் 333 டாலர் வழங்கிய ஆராய்ச்சியில், ஒரு வயதுச் சிசுக்களின் மூளையலைகளில் தெரிந்ததாக 2022-இல் கூறப்பட்ட வேறுபாடு, அக்குழந்தைகளின் நான்காம் வயதில் தென்படவில்லை. வளரும் மூளை மாறிக்கொண்டேயிருப்பது. ஆதலால் ஆரம்பத்தில் காணும் நலிவு நம்மைச் செயலுக்குத் தூண்டவேண்டுமே ஒழிய, குழந்தைமேல் முத்திரை குத்த இடந்தரலாகாது.

தமிழகத்தின் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை தரும் நாமக்கல்லுக்கு இச்செய்தி மிக நெருங்கியது. மூளை வளர்ச்சிக்கு வேண்டிய புரதமும் கோலின் என்னும் சத்தும் அந்த முட்டையில் உண்டு. ஆனால் சிவ்கர் ஆய்வுகள் சுட்டுவது உணவுக்கு அப்பாலும் செல்கிறது: பெண்ணின் படிப்பு பாதியில் நிற்காதிருப்பதும், அடுப்புப் புகை குழந்தையின் மூச்சில் கலக்காதிருப்பதும், பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறியோடு போராடும் தாய்க்குப் பிள்ளையோடு பேசிச் சிரிக்கப் பொழுது கிடைப்பதும் அறிவு வளர்ச்சிக்கு அடிப்படையானவை என்றே நான் உறுதியாக நம்புகிறேன். இவற்றுக்கு அரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கருவி காட்டியதைக் கண்டபின், குடும்பமும் சமூகமும் சர்க்காரும் காலந்தாழ்த்த நியாயமுமில்லை.