கழற்றும் முன் பதிந்து வையுங்கள்: பெருங்களத்தூர் காரும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில வாரங்கள் கழித்துக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மெயில் பார்க்கிறோம், சினிமா பார்க்கிறோம், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். வேறு என்னதான் செய்யலாம் இதை வைத்து?" என்பார்கள். என்னுடைய பதில் சற்று விநோதமாகத் தோன்றலாம். நின்று போன ஒரு பழைய காரை மறுபடி ஓட வைக்கலாம். சேலையூரில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு வருடமாக அந்த வேலைதான் நடந்து வருகிறது. இதற்கு ஸ்பேனர், ஜாக் எவ்வளவு தேவையோ, அதே அளவு கம்ப்யூட்டரும் தேவைப்பட்டது.

எந்தக் கார்?

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்தைத் தாண்டிச் செல்பவர்களுக்குப் பெருங்களத்தூர் தெரியும். இன்று ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கும் இடத்தில், ஒரு காலத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் கார்த் தொழிற்சாலை இருந்தது. 1961ல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் அவர்கள் தயாரித்ததுதான். அதன் வடிவத்தைப் போட்டவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. 1962ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேசிஸைச் சுருக்கி, அதன் மேல் கட்டப்பட்டதுதான்.

எங்கள் கார் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஸ்டாண்டர்ட் 2000. வண்டலூர் உயிரியல் பூங்கா திறக்கப்பட்ட அதே 1985ல் இது விற்பனைக்கு வந்தது. இதன் உடல், இங்கிலாந்தில் 1976ல் அறிமுகமான ரோவர் எஸ்.டி.1 காருடையது. அதை வடிவமைத்த டேவிட் பாஷ், பெராரி டேடோனா காரை முன்மாதிரியாக மனதில் வைத்துத்தான் அதன் முகத்தை வரைந்தார். ரோவர் எஸ்.டி.1 1977ம் ஆண்டின் ஐரோப்பிய கார் விருதையும் பெற்றது. இங்கிலாந்தில் அதற்கு 3.5 லிட்டர் வி8 எஞ்சின்.

பெருங்களத்தூரில் வைத்ததோ 1991 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின். பழைய ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் காரின் வழி வந்தது. 1940களின் வடிவமைப்பு. ஆடம்பரக் காரின் சட்டை, தாத்தா காலத்து இதயம் என்று பலரும் கிண்டல் செய்தார்கள். எரிபொருளையும் அதிகம் குடித்தது. மாருதி 800 ஏற்கனவே 1983ல் வந்திருந்தது. 1988ல் ஸ்டாண்டர்ட் 2000 தயாரிப்பு நின்று போனது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த "தாத்தா" எஞ்சினின் நெருங்கிய உறவுதான் 1950களில் டிரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டியது. சிலிண்டர் விட்டம் 83 மி.மீ., ஸ்ட்ரோக் 92 மி.மீ. எக்ஸெல்லைத் திறந்து ஏதேனும் ஒரு செல்லில் இதை டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

=3.1416/4*8.3*8.3*9.2*4

1991 என்று விடை வரும். எஞ்சின் சிசி என்பது இவ்வளவுதான். ஒரு சிலிண்டரின் கொள்ளளவை நான்கால் பெருக்கியிருக்கிறோம்.

என் பெரியப்பா அந்தத் தொழிற்சாலையில் எஞ்சின் பிரிவில் பிட்டராக இருந்தவர். கம்பெனி நின்ற பிறகு, யாரோ வேண்டாம் என்று தள்ளிய ஸ்டாண்டர்ட் 2000 ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் அவர் வீட்டு வாசலில் நின்ற காரில் சீட் வரை தண்ணீர் ஏறியது. அதன் பின் அது ஸ்டார்ட் ஆகவில்லை. கம்பெனி கொடுத்த பார்ட்ஸ் புத்தகமும் அந்தத் தண்ணீரில் கூழாகிவிட்டது. இப்போது அவருக்கு 74 வயது. வண்டியை எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தபோது அவர் சொன்னது: "நான் இருக்கும்போதே பண்ணிடுடா தம்பி. அப்புறம் கேக்க ஆள் இருக்காது."

நான் செய்த முதல் தவறு

ஆர்வக் கோளாறில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் டேஷ்போர்டை முழுவதும் கழற்றினேன். ஒவ்வொரு ஒயரையும் கழற்றும்போது செல்போனில் போட்டோ எடுத்தேன். ஸ்க்ரூக்களை எல்லாம் ஒரே பிஸ்கட் டின்னில் போட்டேன். இரண்டு வாரத்தில் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. போட்டோக்கள் போயின. எண்பதுக்கும் மேற்பட்ட ஒயர் முனைகள் என்னைப் பார்த்துச் சிரித்தன. மூன்று வார விடுமுறைகள் மல்டிமீட்டரோடு கழிந்தன.

காரைக் கழற்றுவது சுலபம். எது எங்கே இருந்தது என்று நினைவில் வைப்பதுதான் கடினம். கம்ப்யூட்டர் அந்த வேலைக்கென்றே பிறந்தது. அதன் பிறகு நாங்கள் கடைப்பிடித்த வழிமுறைகளைக் கீழே தருகிறேன்.

1. போல்டர்களை முதலில் உருவாக்குங்கள்

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து "நியூ", பின் "போல்டர்" தேர்ந்தெடுத்து, காரின் பெயரைக் கொடுங்கள். அதனுள் 01-எஞ்சின், 02-கார்பரேட்டர், 03-பிரேக், 04-ஒயரிங், 05-பாடி, 06-ஆவணங்கள் எனத் துணை போல்டர்கள் அமையுங்கள். போட்டோவுக்குப் பெயர் தரும்போது தேதியை 2024-06-15 என்று வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் எழுதுங்கள். பெயர்ப்படி அடுக்கினாலே தேதிப்படியும் அடுக்கியதாகிவிடும்.

2. அன்றைய போட்டோவை அன்றே காப்பி செய்யுங்கள்

போனை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து, போன் திரையில் "பைல் டிரான்ஸ்பர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரில் "திஸ் பிசி" திறந்தால் போனின் பெயர் தெரியும். அதனுள் டிசிஐஎம் என்ற போல்டரில் படங்கள் இருக்கும். தேவையானவற்றைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + சி, பின் உங்கள் போல்டரில் கண்ட்ரோல் + வி. "கட்" கொடுக்க வேண்டாம், பாதியில் கேபிள் கழன்றால் வம்பு. எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து எப்2 கீயை அழுத்தி ஒரு பெயர் கொடுத்தால், அத்தனைக்கும் அதே பெயர் 1, 2, 3 என்ற எண்களோடு அமைந்துவிடும்.

ஒவ்வொரு பாகத்திற்கும் மூன்று படங்கள் எடுங்கள். தூரத்தில் இருந்து ஒன்று, அருகில் ஒன்று, கழற்றியபின் அளவுகோலை அருகில் வைத்து ஒன்று.

3. ஒரு எக்ஸெல் ஷீட், பல ஜிப் பைகள்

கழற்றும் ஸ்க்ரூ, வாஷர், கிளிப் எல்லாவற்றையும் தனித்தனி ஜிப் பைகளில் போட்டு எண் எழுதுங்கள். எக்ஸெல்லில் இந்தத் தலைப்புகளில் பத்திகள் அமையுங்கள்: பை எண், பாகம், எங்கிருந்து, எண்ணிக்கை, ஸ்பேனர் அளவு, நிலைமை, போட்டோ பெயர், எச்சரிக்கை, மாட்டிய தேதி. எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பை இலவசமாக இறக்கிப் பயன்படுத்தலாம். "வியூ" டேபில் "ப்ரீஸ் பேன்ஸ்" சென்று முதல் வரிசையை நிறுத்திவிட்டால், கீழே எவ்வளவு சென்றாலும் தலைப்பு மறையாது. "டேட்டா" டேபில் உள்ள "பில்டர்" மூலம் இன்னும் மாட்டாத பாகங்களை மட்டும் காணலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் வழி எஞ்சின் என்பதால் போல்ட் தலைகள் அங்குல அளவில் இருக்கும். 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்கள் அடிக்கடி தேவைப்படும். நான் எக்ஸெல்லில் 1/2 என்று அடித்தேன். அது பிப்ரவரி 1 ஆகிவிட்டது! எக்ஸெல் அதைத் தேதி என்று நினைத்துக்கொண்டது. தீர்வு: டைப் செய்வதற்கு முன் அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, "பார்மட் செல்ஸ்" பிரிவில் "டெக்ஸ்ட்" தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். பை எண் 07 என்பது 7 ஆக மாறாமல் இருக்கவும் இதுவே வழி.

அளவில் அலட்சியம் வேண்டாம். 1/2 அங்குலம் என்பது 12.7 மி.மீ. 13 மி.மீ. ஸ்பேனர் அதில் ஏறிவிடும். ஆனால் இறுகிப்போன போல்ட்டில் அழுத்தித் திருப்பினால் தலை உருண்டையாகி, அரை நாள் வேலை கெடும்.

4. ஒயரிங் வரைபடம்

ஒவ்வொரு ஒயர் முனையிலும் மாஸ்கிங் டேப் சுற்றி எண் எழுதி, அதே எண்ணை ஷீட்டில் ஏற்றுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்களின் வழக்கப்படி பிரவுன் நிறம் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை இக்னிஷன் சுவிட்ச் வழியாக வருவது. பச்சை, இக்னிஷன் போட்டபின் பியூஸ் வழியாக வருவது. கறுப்பு எர்த். முப்பது வருடங்களில் யார் எந்த ஒயரை மாற்றினார்களோ தெரியாது. எனவே நிறத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்திடவும்.

5. தெரிந்தவர் பேசுவதைப் பதியுங்கள்

இதுதான் முக்கியமானது. எட்டு வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன்கள் துருவேறி இறுகியிருந்தன. ஸ்பார்க் பிளக் துளைகளில் எண்ணெய் ஊற்றிப் பல நாள் ஊறவிட்டு, பின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினோம். கிராங்க் இப்போது சுற்றுகிறதா என்று பார்க்க ஸ்பேனரை வைத்தேன். நாற்காலியில் இருந்த பெரியப்பா எழுந்தே விட்டார்.

"டேய், கை வைக்காதே! ஹெட்டு இல்லாம சுத்தினா லைனர் தூக்கிக்கும்!"

பிறகு பொறுமையாக விளக்கினார். இந்த எஞ்சினில் சிலிண்டர் லைனர்கள் தனியாகக் கழற்றக் கூடியவை. அவற்றைச் சுற்றிலும் ரேடியேட்டர் தண்ணீர் நேராகப் படும். ஹெட்டின் இறுக்கம்தான் அவற்றை அடியில் உள்ள கேஸ்கெட் மேல் அழுத்திப் பிடித்திருக்கிறது. ஹெட் இல்லாமல் கிராங்க்கைச் சுற்றினால், ஏறும் பிஸ்டன் லைனரையும் சேர்த்துத் தூக்கலாம். கேஸ்கெட் விட்டுப்போகும். அது தெரியாமல் மூடி ஓட்டினால் தண்ணீர் ஆயிலில் கலந்து பேரிங்குகள் போகும். எனவே ஹெட் போல்ட்டுகளில் பட்டையும் வாஷரும் வைத்து லைனர்களை இறுக்கிப் பிடித்த பிறகே சுற்ற வேண்டும்.

ஷீட்டில் "எச்சரிக்கை" என்ற பத்தி அன்றுதான் உருவானது. அன்று முதல் அவர் வேலை பார்க்கும்போதெல்லாம் போனில் வாய்ஸ் ரிக்கார்டர் ஓடுகிறது. பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முக்கியமானவற்றைத் தமிழில் டைப் செய்கிறேன். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் தமிழ் 99 கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. "செட்டிங்ஸ்" சென்று மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் கீபோர்டு பட்டியலில் தமிழ் 99ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கீ + ஸ்பேஸ் பார் அழுத்தி மொழி மாறலாம்.

6. மூன்று காப்பி, அதில் ஒன்று வேறு வீட்டில்

வெள்ளத்தில் கூழான புத்தகத்தை மறக்காதீர்கள். பைல்களுக்கு மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரில் அல்லது இணையத்தில். கூகுள் டிரைவ் 15 ஜிபி வரை இலவசமாகத் தருகிறது. அந்த இடத்தை ஜிமெயிலும் பகிர்ந்துகொள்ளும் என்பதை மனதில் கொள்ளவும். எங்கள் டிஸ்க் குரோம்பேட்டையில் அத்தை வீட்டு பீரோவில் இருக்கிறது.

ஆர்.சி. புத்தகத்தையும் ஸ்கேன் செய்து 06 போல்டரில் வையுங்கள். சொந்தக் காருக்கு 15 வருடத்திற்குப் பின் ஆர்.சி.யை ஐந்து வருடத்திற்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 50 வயது தாண்டிய, அசல் நிலையில் உள்ள கார்களுக்கு 2021ல் வின்டேஜ் என்ற தனிப் பதிவு முறை வந்தது. எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம்.

பாதுகாப்பு

பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வைப்பது கட்டாயம். பெட்ரோல் வேலை நடக்கும் இடத்தில் லேப்டாப்போ சார்ஜரோ வேண்டாம். பிரேக் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். நாங்களும் அப்படியே செய்யப்போகிறோம்.

இப்போது கார் எப்படி இருக்கிறது?

நான்கு லைனர்களில் மூன்றைப் பட்டறையில் ஹோன் செய்து சரிசெய்தோம். நான்காவதற்கு, அளவுகள் எழுதிய போட்டோ பிரிண்ட்டோடு புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறினேன். பெயர் சொன்னபோது கைவிரித்தவர்கள், படத்தையும் 83 மி.மீ. என்ற அளவையும் பார்த்ததும் உள்ளே போய்த் தேடினார்கள். ஆறாவது கடையில் கிடைத்தது. சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை எஞ்சின் ஸ்டார்ட் ஆகி, நான்கு நிமிடம் ஓடியது. பெரியப்பா காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "டேப்பெட் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன். பிரேக் முடியாததால் கார் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை.

ஷீட்டில் இன்று 412 வரிசைகள் இருக்கின்றன. நாளை இந்தக் கார் யாரிடம் போனாலும் அந்தப் பைலும் கூடவே போகும். உங்கள் வீட்டில் பழைய கார் இல்லாமல் இருக்கலாம். அம்மாவின் தையல் மெஷினோ, தாத்தாவின் வால்வு ரேடியோவோ, கிணற்று மோட்டாரோ இருக்கும். அதன் நெளிவு சுளிவு தெரிந்த ஒருவரும் இருப்பார். இந்த வாரமே ஒரு போல்டர் திறந்து, அவர் அருகில் உட்கார்ந்து ரிக்கார்டரை ஆன் செய்யுங்கள். ஸ்க்ரூ டிரைவரைப் பிறகு எடுக்கலாம்.