ஆள்களப் பெயரின் வயதும் தேடுபொறித் தரவரிசையும்

டொமைன் எனப்படும் ஆள்களப் பெயர் முதன்முதலில் பதிவு செய்யப்பட்டதிலிருந்து கழிந்த காலமே அதன் வயது எனப்படுகிறது. பழைய பெயர்களுக்குத் தேடுபொறிகள் முன்னுரிமை தருகின்றன என்றும், பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பதிவு செய்தால் தரவரிசை உயரும் என்றும் பரவலான ஒரு கருத்து உள்ளது. இதை நம்பிப் பலர் பழைய பெயர்களை அதிக விலை கொடுத்து வாங்குகின்றனர்.

கருத்தின் தோற்றம்

கூகுள் நிறுவனம் 2003 டிசம்பரில் விண்ணப்பித்த ஒரு காப்புரிமை, 2005 மார்ச்சில் பொதுவெளிக்கு வந்தது. நம்பகமான பெயர்களுக்குப் பல ஆண்டுக் கட்டணம் முன்கூட்டியே செலுத்தப்படுவதுண்டு, ஏமாற்றுத் தளங்களின் பெயர்கள் ஓராண்டுக்கு மேல் பயன்படுவது அரிது என்று அது குறிப்பிட்டது. எனவே பதிவு முடியும் நாளையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம் என்றது. ஆனால் காப்புரிமை என்பது ஒரு வழிமுறைக்கான உரிமை மட்டுமே. அந்த வழிமுறை நடைமுறையில் இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

கூகுளின் நிலைப்பாடு

ஆறு மாத வயதுடைய பெயருக்கும் ஓராண்டு வயதுடைய பெயருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று கூகுளின் எரிதத் தடுப்புப் பிரிவுத் தலைவராக இருந்த மாட் கட்ஸ் 2010இல் விளக்கினார். ஆள்களப் பெயரின் வயதால் எந்தப் பயனும் இல்லை என்று அந்நிறுவனத்தின் ஜான் முல்லர் 2019இல் கூறினார்.

பழைய தளங்கள் முன்னிற்பது ஏன்?

பல ஆண்டுகள் தொடர்ந்து இயங்கும் தளத்தில் கட்டுரைகள் பெருகுகின்றன. பிற தளங்கள் அதற்கு இணைப்புத் தருகின்றன. வாசகர்கள் அதன் பெயரைச் சொல்லியே தேடுகின்றனர். தரவரிசைக்கு உதவுபவை இவையே. இவை சேரக் காலம் பிடிப்பதால், காலமே காரணம் போலத் தோன்றுகிறது. பத்தாண்டுகளாகப் பதிவில் இருந்தும் வெறுமையாகக் கிடக்கும் பெயருக்கு இந்தப் பயன் எதுவும் கிட்டாது.

காலாவதியான பெயர்கள்

காலாவதியான பெயரை வாங்கி, அதன் பழைய நற்பெயரைக் கொண்டு மட்டும் தரமற்ற பக்கங்களை முன்னேற்றுவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் எரிதக் கொள்கையில் விதிமீறலாகச் சேர்த்தது. ஆகவே பழைய பெயரை வாங்குவோர், அது முன்பு எதற்குப் பயன்பட்டது என்பதை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் பார்த்துக்கொள்வது நல்லது.

நீண்ட காலப் பதிவின் உண்மைப் பயன்

டாட் காம் போன்ற பெயர்களை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யலாம். இதனால் தரவரிசை உயராவிட்டாலும், புதுப்பிக்க மறந்து பெயரை இழக்கும் ஆபத்து குறைகிறது. புதுப்பிக்கப்படாமல் நீக்கப்பட்ட பெயரை 30 நாள் மீட்புக் காலத்துக்குள் கூடுதல் கட்டணம் செலுத்தித் திரும்பப் பெறலாம். அதையும் தவறவிட்டால் பெயர் மீண்டும் பொது விற்பனைக்கு வரும். பிறர் அதை வாங்கிவிட்டால், பல ஆண்டுகளாகச் சேர்ந்த இணைப்புகள் யாவும் அவர்களின் பக்கங்களுக்கே வாசகரை அழைத்துச் செல்லும்.